சத்தம் வராத கம்பியூட்டர்: ஒரு பழைய சண்டையின் வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. இஷா முடிந்து ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

நான் படிப்பிக்கும் பாடசாலையின் கணினி ஆய்வுகூடத்தில் 20 கம்பியூட்டர்கள் இருக்கின்றன. போன மாதம் எண்ணிப் பார்த்தால் 11 இல் சத்தம் வரவில்லை. வருட இறுதிப் பொருட்கணிப்பு நெருங்குகிறது. "அந்த 11ஐயும் பாவனைக்கு உதவாதவை என்று எழுதிவிடுவோம் சேர்" என்று ஒரு பேச்சு வந்தது. பழைய மாணவர்கள் சிலர் நல்ல மனதோடு, புதிது வாங்கப் பணம் சேர்ப்போம் என்றார்கள். இன்னும் சிலர், "திரையில படம் தெரியுது, டைப் பண்ணலாம். சத்தம்தானே, அது இல்லாட்டியும் பரவாயில்ல" என்றார்கள்.

தரம் 8 இல் ஒரு பிள்ளை இருக்கிறது. பார்வை மிகக் குறைவு. திரையில் உள்ள எழுத்து அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கம்பியூட்டர் வாசித்துச் சொல்வதைக் கேட்டுத்தான் வேலை செய்யும். அந்தப் பிள்ளை வழக்கமாக உட்காரும் கம்பியூட்டரும் அந்த 11 இல் ஒன்று. மூன்று கிழமையாக ஆய்வுகூடப் பாடவேளைகளில் சும்மா உட்கார்ந்திருந்தது. கேட்டதற்கு, "பரவாயில்ல சேர்" என்றது.

அந்த "பரவாயில்ல" என்ற சொல் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. கம்பியூட்டரில் சத்தம் என்பது இல்லாவிட்டாலும் நடக்கும் ஒரு விடயம் என்று எப்போது முடிவாயிற்று? தேடிப் பார்த்தால், அந்த முடிவு 1981 இலேயே எடுக்கப்பட்டுவிட்டது. அந்தக் கதையைத்தான் இன்று எழுதுகிறேன்.

*

1981 ஆகஸ்ட் 12. அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பனி தன் "பர்சனல் கம்பியூட்டரை" அறிமுகப்படுத்தியது. இன்று நம் மேசைகளில் இருக்கும் பெரும்பாலான கம்பியூட்டர்களுக்கு அதுதான் மூத்த வாப்பா. அது அலுவலகத்துக்காகச் செய்யப்பட்ட இயந்திரம். கணக்கு எழுதும், கடிதம் அடிக்கும். உள்ளே ஒரு சின்ன ஸ்பீக்கர் இருந்தது. பிழை நடந்தால் "பீப்" என்று கத்தும். சத்தம் என்றால் அவ்வளவுதான்.

அந்த இயந்திரத்தின் உள்ளே ஒரு ஒழுங்கு இருந்தது. கீபோர்டில் ஒரு எழுத்தை அழுத்தினால், அது உடனே பிரதான சிப்பின் கவனத்தைத் திருப்ப வேண்டும். டிஸ்க் ஒன்றை வாசித்து முடித்தால், "முடிந்துவிட்டது, வந்து எடுத்துக்கொள்" என்று சொல்ல வேண்டும். அதற்காக ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு மணி. அந்த மணிக் கம்பிகளைத்தான் ஐ.ஆர்.கியூ. என்பார்கள். ஐ.பி.எம். வைத்தது மொத்தம் எட்டு மணிகள். 0 முதல் 7 வரை இலக்கம்.

அந்த எட்டும் யார் யாருக்குப் போயின என்று பாருங்கள். 0 நேரம் காட்டும் கடிகாரத்துக்கு. 1 கீபோர்டுக்கு. 3, 4 இரண்டும் மௌஸ், மோடம் போன்றவை செருகும் தொடர் துவாரங்களுக்கு. 6 பிளொப்பி டிஸ்க்குக்கு. 7 பிரிண்டருக்கு. மிஞ்சியது 2, 5 இரண்டும். 5ஐ பின்னால் வந்த எக்ஸ்.டி. மாடலில் ஹார்ட் டிஸ்க் எடுத்துக்கொண்டது.

1984 இல் ஐ.பி.எம். ஏ.டி. என்ற அடுத்த இயந்திரம் வந்தது. இன்னொரு எட்டு மணிப் பலகையைச் சேர்த்தார்கள். அதை முதல் பலகையோடு இணைக்க 2 ஆம் இலக்க மணியைச் செலவழித்ததால் மிச்சம் 15. அந்தப் புதிய மணிகளை எட்டவும் ஒரு நிபந்தனை இருந்தது. நீளமான 16 பிட் கார்டாக இருக்க வேண்டும். சின்ன 8 பிட் கார்டின் பற்களுக்கு அந்தக் கம்பிகள் எட்டாது.

இந்தப் பட்டியலில் எங்கும் சத்தத்துக்கு என்று ஒரு மணி இல்லை. பிறகு வந்த பிரச்சினைகள் அத்தனைக்கும் வேர் இங்கேதான்.

*

இரண்டு பேர் ஒரே மணியை அடித்தால் என்ன என்று கேட்கலாம். வகுப்பறையை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறார். முதுகு பிள்ளைகளின் பக்கம். ஒரு பிள்ளை "சேர்!" என்று ஒரு தடவை மட்டும் கூப்பிட்டுவிட்டு அமைதியாகிவிடுகிறது. அதே நொடியில் இன்னொரு பிள்ளையும் அதே குரலில் "சேர்!" என்கிறது. ஆசிரியருக்குக் கேட்டது ஒரு குரல். திரும்பி முதல் பிள்ளையைப் பார்க்கிறார். இரண்டாவது பிள்ளை காத்துக்கொண்டே இருக்கும். யாரும் வரமாட்டார்கள்.

ஐ.பி.எம். கம்பியூட்டரின் பழைய ஐ.எஸ்.ஏ. ஸ்லொட்டில் மணி இப்படித்தான் வேலை செய்தது. ஒரு தடவை அடித்தால் அந்த அடியைத்தான் கணக்கெடுக்கும். ஆகவே ஒரு மணிக்கு ஒரு ஆள் என்பது கண்டிப்பான விதி. ஆனால் அந்த விதியைக் காப்பாற்ற இயந்திரத்துக்குள் எவரும் இல்லை. கார்டைச் செருகும் மனிதர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

*

இனிக் கதை சிங்கப்பூருக்குப் போகிறது.

சிம் வோங் ஹூ என்பவர் 1955 இல் சிங்கப்பூரில் பிறந்தவர். பாடசாலைக் காலத்திலேயே ஹார்மோனிகா வாசிப்பவர். நீ ஆன் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர். பெரிய பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் இல்லை. 1981 இல், ஐ.பி.எம். கம்பியூட்டர் வந்த அதே வருடம், தன் நண்பர் இங் காய் வாவுடன் சைனாடவுனில் பேர்ல்ஸ் சென்டர் என்ற கட்டடத்தில் ஒரு சின்னக் கம்பியூட்டர் ரிப்பேர் கடை திறந்தார். அதுதான் கிரியேட்டிவ் டெக்னாலஜி.

இவருக்கு ஒரே எண்ணம். கம்பியூட்டர் பேச வேண்டும், பாட வேண்டும். 1986 இல் கியூபிக் சி.டி. என்ற ஒரு கம்பியூட்டரை வெளியிட்டார். நிறம் காட்டும், சீன மொழி தெரியும், பேசும், இசைக்கும். விற்பனை சரியாகப் போகவில்லை. ஆனால் அதன் சத்தப் பகுதியை மட்டும் தனியாக ஒரு கார்டில் வைத்தால் எந்தக் கம்பியூட்டரிலும் செருகலாம் என்று அவருக்குப் பட்டது. 1987 இல் முதல் இசைக் கார்ட் வந்தது. அதே வருடம் கனடாவின் கியூபெக்கில், மார்ட்டின் பிரெவெல் என்ற இசைப் பேராசிரியர் தொடங்கிய அட்லிப் கம்பனியும் ஒரு கார்ட் வெளியிட்டது. அட்லிப் கார்டில் இருந்தது யமஹா சிப். கம்பியூட்டர் விளையாட்டுகளின் இசைக்கு அதுதான் அளவுகோலாகிவிட்டது.

1989 இல் சிம்மின் பதில் வந்தது. சவுண்ட் பிளாஸ்டர். அட்லிப் கார்ட் செய்யும் எல்லாவற்றையும் அது செய்தது. அதற்கு மேல், ஒலிவாங்கியில் பதிந்த மனிதக் குரலையும் வாசித்தது. ஜாய்ஸ்டிக் செருகும் துவாரமும் அதிலேயே இருந்தது. 1992 இல் அட்லிப் கம்பனி வங்குரோத்தாகியது. அதே வருடம் கிரியேட்டிவ், அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலான முதல் சிங்கப்பூர்க் கம்பனியாகியது. சிம் 2023 ஜனவரி 4 அன்று காலமானார்.

தமிழையும் ஆட்சிமொழிகளில் ஒன்றாக வைத்திருக்கும் ஒரு சின்னத் தீவில், ஒரு ரிப்பேர் கடைக்காரர், உலகத்தின் கம்பியூட்டர்களுக்கு வாய் கொடுத்தார் என்பது என் மாணவர்களுக்கு நான் அடிக்கடி சொல்லும் கதை.

இப்போது சண்டைக்கு வருவோம். அந்த முதல் சவுண்ட் பிளாஸ்டர் 8 பிட் கார்ட். ஆகவே அதற்கு எட்டிய மணிகள் 2, 3, 5, 7 மட்டுமே. தொழிற்சாலையிலிருந்து வரும்போது 7 இல் வைத்து அனுப்பினார்கள். 7 யாருடையது? பிரிண்டருடையது.

தெரியாமல் செய்த தவறு என்று இதைச் சொல்ல முடியாது. அந்தக் கால டாஸ் முறையில் பிரிண்டர் தன் மணியைப் பெரும்பாலும் அடிப்பதே இல்லை. ஆளில்லாத கதிரை மாதிரி. அதனால் பலருக்குப் பிரச்சினையே வரவில்லை. ஆனால் விண்டோஸ் போன்ற முறைகளில், ஒரே நேரத்தில் அச்சடித்துக்கொண்டே பாட்டும் கேட்க வெளிக்கிட்டபோதுதான், கதிரைக்கு உரியவர் வந்து நின்றார். 7க்கு இன்னொரு குணமும் உண்டு. மின் குழப்பத்தால், யார் அடித்தது என்று தெரியாமல் வரும் மணிகளையும் அந்தச் சிப் 7 ஆம் இலக்கம் என்றே சொல்லும். பாவம், ஏழாம் இலக்கம்.

1992 இல் சவுண்ட் பிளாஸ்டர் 16 வந்தபோது தொழிற்சாலை இலக்கம் 5 ஆகியது. ஆனால் அதற்குள் உலகம் முழுவதும் "சவுண்ட் பிளாஸ்டர் கம்பெட்டிபல்" என்று பெட்டியில் அச்சடித்த நூற்றுக்கணக்கான மலிவுக் கார்ட்கள் வந்துவிட்டன. விளையாட்டுகள் எல்லாம் முகவரி 220, மணி 7 அல்லது 5, டீ.எம்.ஏ. 1 என்று எதிர்பார்த்து எழுதப்பட்டிருந்தன. வேறு இடத்தில் உட்கார்ந்தால் அந்த விளையாட்டுகளுக்கு அது கண்ணில் படாது. ஆகவே எல்லாக் கார்டும் அதே ஒன்றிரண்டு கதிரைகளுக்குத்தான் போட்டி போட்டன.

*

இனி மடவளை.

2002 இல் நான் தரம் 7. வாப்பா பஸாரில் சின்னக் கடை வைத்திருந்தார். விலைப் பட்டியல் அடிக்க என்று பழைய பென்டியம் கம்பியூட்டர் ஒன்றும் சத்தமாகக் கிறீச்சிடும் ஒரு டொட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் வாங்கினார். இரண்டும் பாவித்தவை. "சிங்கப்பூர்ச் சாமான்" என்று விற்றவர் சொன்னார். வாப்பாவுக்கு அது கடைக்கு. எனக்கு அது பாட்டுக் கேட்க. உள்ளே ஒரு சவுண்ட் கார்டும் இருந்தது. பெயர் இல்லாத கார்ட். கையேடு இல்லை.

பாட்டுப் போட்டால் முதல் சொல் மட்டும் வரும். பிறகு அதே சொல் திரும்பத் திரும்ப, கீறல் விழுந்த ரெக்கோர்ட் மாதிரி. பிரிண்டர் ஓடும்போது முழு இயந்திரமுமே உறைந்துவிடும். வாப்பா பொறுத்துப் பார்த்துவிட்டு, "அந்தச் சத்தப் பலகையைக் கழற்றி எறி. கடை வேல முக்கியம்" என்றார். அங்கேயும் அதே தீர்ப்புத்தான். சத்தம்தானே.

பஸாரில் ரேடியோ, கசட் ரிப்பேர் செய்த ஒரு நாநா இருந்தார். அவரிடம் தூக்கிக்கொண்டு போனோம். அவர் கம்பியூட்டர் படித்தவர் இல்லை. ஆனால் ஒரு சீ.ஆர். கொப்பி வைத்திருந்தார். அதில் கோடு போட்டு 0 முதல் 15 வரை இலக்கம் எழுதியிருந்தார். ஒவ்வொரு கம்பியூட்டர் வரும்போதும் ஒரு புதிய பக்கம். எந்த இலக்கத்தில் யார் இருக்கிறார் என்று பென்சிலால் எழுதுவார்.

அன்று அவர் எங்களுக்குச் சொல்லித் தந்ததைப் பிற்காலத்தில் புத்தகங்களில் தேடி வாசித்தேன். ஒன்றும் பிழையில்லை. அவர் சொன்ன விதத்திலேயே தருகிறேன்:

1. கம்பியூட்டருக்குக் கார்டே தெரியவில்லை என்றால், முகவரி பிழை. வீட்டு இலக்கம் மாறிப் போயிருக்கிறது.

2. பாட்டின் முதல் துண்டு மட்டும் திரும்பத் திரும்ப வந்தால், அல்லது ஒரு துண்டு வந்து நின்றுவிட்டால், மணி பிழை. கார்ட் "அடுத்த துண்டைக் கொண்டு வா" என்று மணி அடிக்கிறது, அது போய்ச் சேரவில்லை. ஆகவே கையில் இருப்பதையே சுற்றிச் சுற்றி வாசிக்கிறது.

3. இரைச்சல் மட்டும் வந்தால், அல்லது குரலைப் போட்ட உடனே இயந்திரம் உறைந்தால், டீ.எம்.ஏ. பிழையாக இருக்கலாம். டீ.எம்.ஏ. என்பது பிரதான சிப்பைக் கரைச்சல் படுத்தாமல், நினைவகத்திலிருந்து நேரே கார்டுக்குச் சாமான் போகும் பின்கதவு.

4. விளையாட்டில் இசை வருகிறது, பேச்சு மட்டும் வரவில்லை என்றால், கார்ட் பழுது இல்லை. இசை வாசிக்கும் யமஹா சிப்புக்கு மணியும் தேவையில்லை, பின்கதவும் தேவையில்லை. பேச்சுக்குத்தான் இரண்டும் வேண்டும். ஆகவே பிழை அந்த இரண்டில் ஒன்றில்.

கடைசியாகச் சொன்னதை இன்றைக்கும் வியக்கிறேன். எது வேலை செய்யவில்லை என்பதோடு, எது வேலை செய்கிறது என்றும் கேட்டால் பாதி விடை வந்துவிடும்.

பிறகு எல்லாக் கார்டையும் கழற்றினார். திரைக்குத் தேவையானதை மட்டும் விட்டு ஓட வைத்தார். ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். கொப்பியில் எழுதினார். சவுண்ட் கார்ட் 7 இல் உட்கார்ந்திருந்தது. கார்டில் ஜம்பர் என்ற, ஒரு நெல் மணியளவு பிளாஸ்டிக் மூடி இருக்கும். இரண்டு ஊசிகளை இணைக்கும். அதை மெல்லப் பிடுங்கி 5 இல் போட்டார். விண்டோஸுக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தார். பாட்டு முழுதாக வந்தது. பிரிண்டரும் கிறீச்சிட்டது. வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. 150 ரூபாய் கொடுத்தார்.

அடுத்த வருடம் மோடம் வாங்கியபோது, இன்டர்நெட்டுக்கு டயல் செய்தால் மௌஸ் உறைந்துவிடும். இந்த முறை நானே கொப்பி எடுத்தேன். மோடமும் மௌஸும் 4 ஆம் மணியில். அன்றைக்குத்தான் நான் ஆசிரியராவேன் என்று முடிவெடுத்தேன் என்று சொன்னால் அது பொய். ஆனால் கல்வியியற் கல்லூரியில் "பிரச்சினை தீர்த்தல் முறை" என்று விரிவுரை நடந்தபோது, எனக்கு நினைவுக்கு வந்தது அந்த நாநாவின் பென்சில்தான்.

*

இந்தத் தொல்லை கம்பனிகளுக்கும் தெரிந்திருந்தது. 1993 இல் இன்டெல், மைக்ரோசொஃப்ட் போன்றவை சேர்ந்து "பிளக் அண்ட் பிளே" என்ற ஒழுங்கை எழுதின. கார்டே தன் பெயரைச் சொல்லும், தனக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்கும், கம்பியூட்டர் பங்கிட்டுக் கொடுக்கும். ஜம்பர் தேவையில்லை. 1995 ஆகஸ்ட் 24 அன்று வெளியான விண்டோஸ் 95 இந்த ஒழுங்கோடு வந்தது. டிவைஸ் மேனேஜர் என்ற பட்டியலும் அதில் வந்தது. சண்டை இருந்தால் மஞ்சள் நிறத்தில் ஓர் ஆச்சரியக்குறி. யாரோடு சண்டை என்றும் எழுதிக் காட்டும். நாநாவின் கொப்பி திரைக்குள் வந்துவிட்டது.

ஆனால் பழைய கார்டும் புதிய கார்டும் ஒரே வீட்டில் இருந்தால் கதை வேறு. பழையது பேசாது, அசையாது. புதியது அது இருப்பது தெரியாமல் அதன் மடியிலேயே போய் உட்காரும். ஆகவே "செருகிவிட்டு துஆச் செய்" என்ற கணக்கில் உலகமே பகிடி பண்ணியது. 1998 ஏப்ரலில், விண்டோஸ் 98ஐ மக்கள் முன் காட்டிய மேடையிலேயே, பில் கேட்ஸ் பக்கத்தில் நிற்க, ஒரு ஸ்கேனரைச் செருகிய உடனே திரை நீலமாகி இயந்திரம் நின்றுபோனது. தொலைக்காட்சியில் உலகம் பார்த்துச் சிரித்தது.

உண்மையான தீர்வு வேறு பக்கத்திலிருந்து வந்தது. 1992 இல் இன்டெல் அறிமுகப்படுத்திய பி.சி.ஐ. ஸ்லொட்டில் மணியின் விதியையே மாற்றினார்கள். வகுப்பறை உதாரணத்துக்குத் திரும்புங்கள். "சேர்!" என்று ஒரு தடவை கூப்பிட்டு அமைதியாவதற்குப் பதிலாக, கையை உயர்த்து, ஆசிரியர் வந்து கவனிக்கும் வரை இறக்காதே. இப்போது இரண்டு பிள்ளைகள் கை உயர்த்தினாலும் பிரச்சினை இல்லை. ஒன்றைக் கவனித்த பிறகும் இன்னொரு கை உயர்ந்தே இருக்கும். ஒரு மணியைப் பலர் பங்கிடலாம்.

எழுத்தில் அழகாக இருந்தது. நடைமுறையில் அந்தந்தக் கார்டின் மென்பொருளும் ஒத்துழைக்க வேண்டும். சில ஒத்துழைக்கவில்லை. "கார்டைக் கழற்றி அடுத்த ஸ்லொட்டில போட்டுப் பாரு" என்ற வைத்தியம் அந்தக் காலத்தில்தான் பிறந்தது. அது வெறும் நாட்டு வைத்தியம் அல்ல. ஸ்லொட் மாறினால் மணிக் கம்பியும் மாறும்.

2000ஐ ஒட்டிய வருடங்களில் ஐ.எஸ்.ஏ. ஸ்லொட்டுகள் புதிய மதர்போர்ட்களிலிருந்து மறைந்தன. மணிகளின் எண்ணிக்கையும் 24, அதற்கு மேல் என்று கூடியது. சத்தமும் மதர்போர்ட்டுக்குள்ளேயே போய்விட்டது. இன்டெலின் ஏ.சி. 97 என்ற ஒழுங்கும், பிறகு 2004 இல் வந்த எச்.டி. ஓடியோவும் அதைச் செய்தன. தனிச் சவுண்ட் கார்ட் வாங்க வேண்டிய தேவை பெரும்பாலானோருக்கு இல்லாமல் போனது. முதல் கம்பியூட்டரில் சத்தத்துக்கு மறுக்கப்பட்ட இடம், இருபது வருடங்களுக்குப் பிறகுதான் முறையாகக் கிடைத்தது.

*

இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் எல்லோரும் விளையாட்டைப் பற்றியே சொல்வார்கள். இன்னொரு பக்கம் உண்டு.

1980களில் பார்வையற்ற ஒருவர் கம்பியூட்டர் பாவிக்க வேண்டுமென்றால், பேசும் கருவி ஒன்றைத் தனியாக வாங்கி இணைக்க வேண்டும். சாதாரண மக்களுக்கு எட்டாத விலை. சவுண்ட் கார்ட் எல்லாக் கம்பியூட்டரிலும் வந்த பிறகுதான், அந்தக் கருவியின் வேலையை ஒரு மென்பொருள் செய்ய முடிந்தது. சிம்மின் கார்டோடு எழுத்தைக் குரலாக வாசிக்கும் ஒரு வேடிக்கை நிரலும் வந்தது. டாக்டர் ஸ்பைட்சோ என்று பெயர். பலர் அதைச் சிரிக்கத்தான் பாவித்தார்கள். ஆனால் கம்பியூட்டர் பேச வேண்டும் என்ற அவருடைய பழைய ஆசை அதற்குள் இருந்தது.

2006 இல் அவுஸ்திரேலியாவில் மைக்கல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர், திரையை வாசித்துச் சொல்லும் என்.வி.டி.ஏ. என்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார். பார்வையற்ற இன்னொருவரான ஜேம்ஸ் டே அவரோடு சேர்ந்தார். முற்றிலும் இலவசம். தமிழையும் வாசிக்கும். எங்கள் தரம் 8 பிள்ளை பாவிப்பது அதைத்தான். "ரோபோ பேசுற மாதிரி இருக்கு சேர், ஆனா விளங்குது" என்று சொல்லும்.

நமக்குத் திரை எப்படியோ அந்தப் பிள்ளைக்குச் சத்தம் அப்படி. திரை இல்லாத கம்பியூட்டரை நாம் யாரும் "பரவாயில்ல" என்று மூன்று கிழமை விட்டுவைத்திருக்க மாட்டோம்.

*

ஆகவே போன சனிக்கிழமை, உயர்தர மாணவர்கள் நான்கு பேரோடு ஆய்வுகூடத்தைத் திறந்தேன். ஆளுக்கு ஒரு சீ.ஆர். கொப்பி. சத்தம் வராத 11 கம்பியூட்டர்களுக்கும் ஒவ்வொரு பக்கம். முதல் கேள்வி: எது வேலை செய்கிறது?

கண்டது இதுதான்:

6 இல், சத்தம் வேறு இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. புதிய மொனிட்டர்களை எச்.டி.எம்.ஐ. வயரால் இணைத்திருந்தார்கள். அந்த வயரிலும் சத்தம் போகும். விண்டோஸ் மொனிட்டரைத்தான் ஸ்பீக்கர் என்று எடுத்துக்கொண்டது. அந்த மொனிட்டரிலோ ஸ்பீக்கரே இல்லை. இரண்டு சத்தக் கருவிகள் ஒரே கதிரைக்குப் போட்டி. பழைய சண்டையின் பேரப்பிள்ளை.

2 இல், பயோஸ் அமைப்புக்குள் மதர்போர்ட்டின் சத்தத்தை எப்போதோ யாரோ நிறுத்தியிருந்தார்கள். தனிக் கார்ட் போட்ட காலத்தில் இரண்டும் மோதாமல் இருக்கச் செய்திருக்கலாம். அந்தக் கார்டைப் பிறகு கழற்றியவர் இதைத் திருப்பிவிட மறந்துவிட்டார். எழுதி வைக்காததன் விலை.

2 இல், பச்சைத் துவாரத்தில் போக வேண்டிய ஹெட்போன் வயர் இளஞ்சிவப்புத் துவாரத்தில் இருந்தது. அது மைக்குக்கு உரியது.

1 இல், சத்தப் பகுதி உண்மையிலேயே செத்துவிட்டது. அதற்கு யு.எஸ்.பி.யில் செருகும் சின்னச் சவுண்ட் அடாப்டர் ஒன்று போதும்.

பகல் லுஹருக்கு முன்னர் 10 கம்பியூட்டர்கள் பேசின. ஒரு சதமும் செலவில்லை.

வீட்டில் உங்கள் கம்பியூட்டரில் சத்தம் வராவிட்டால், கடைக்குத் தூக்க முன்னர் இதே ஒழுங்கில் பாருங்கள். வயர் சரியான நிறத் துவாரத்தில் இருக்கிறதா? வேறு ஹெட்போன் மாட்டினால் கேட்கிறதா? திரையின் கீழ் மூலையில் ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, எந்தக் கருவி தெரிவாகியிருக்கிறது என்று பாருங்கள். பிறகு டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி இருக்கிறதா? சத்தக் கருவியின் பெயரே அங்கு இல்லையென்றால் பயோஸைப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை எழுதுங்கள். விண்டோஸைத் திரும்பப் போடுவது கடைசி வழி. நம் பிள்ளைகள் அதைத்தான் முதலில் செய்கிறார்கள்.

பழைய மாணவர் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதிய கம்பியூட்டருக்கு என்று பேசிய பணத்தை இப்போதைக்கு வைத்திருங்கள். எங்களுக்கு உடனடியாகத் தேவைப்படுவது 20 நல்ல ஹெட்போன்கள். ஆங்கிலமும் சிங்களமும் காதால் கேட்டுப் படிக்க எல்லாப் பிள்ளைக்கும் அது வேண்டும். பொருட்கணிப்புப் பட்டியலில் இனி அந்த ஒரேயொரு கம்பியூட்டரைக்கூட எழுத வேண்டியதில்லை என்று அதிபரிடம் சொல்லியிருக்கிறேன்.

அந்த ரேடியோ நாநாவின் கடை இப்போது பஸாரில் இல்லை. அவரிடம் படித்த வேறு யாராவது இதை வாசித்தால், அந்தக் கொப்பிகள் எங்காவது இருக்கின்றனவா என்று சொல்லுங்கள். ஆய்வுகூடத்தில் ஒன்றை வைக்க ஆசை.

திங்கட்கிழமை அந்தப் பிள்ளை தன் இடத்தில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டியது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த பிள்ளையிடம் "சத்தத்தக் கொஞ்சம் குறைக்க எங்க அழுத்துறது?" என்று கேட்டது.

வஸ்ஸலாம்.